பழைய ஃபிலிம் கேமராவை டிஜிட்டல் ஆக்கலாமா? ஒரு பி.காம். மாணவனின் கணக்கு

பெட்ரோல் ஆட்டோவுக்கு கேஸ் கிட் போடுகிறார்கள். கால் மிதி தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டுகிறார்கள். அப்படியானால் பழைய ஃபிலிம் கேமராவில் ஃபிலிம் இருக்கும் இடத்தில் ஒரு சென்சாரை வைத்து டிஜிட்டல் கேமரா ஆக்கிவிட முடியாதா? லென்ஸ் இருக்கிறது, ஷட்டர் இருக்கிறது. மாற வேண்டியது அந்தச் சின்னச் செவ்வகம் மட்டும்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்டது என் சித்தப்பா. ஆம்பூரில் 1984 முதல் 2012 வரை ஸ்டுடியோ வைத்திருந்தவர். ஸ்டுடியோ போய்விட்டது, சாமான்கள் போகவில்லை. யாஷிகா மேட் 124ஜி ஒன்று, பென்டாக்ஸ் கே1000 ஒன்று, வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய ஆக்ஃபா கிளிக் த்ரீ ஒன்று, அப்புறம் பரண் மேல் பெட்டி பெட்டியாக நெகட்டிவ். "நீ படிக்கிற படிப்புல இதுக்கு ஏதாவது வழி இருக்காடா?" என்றார். நான் படிப்பது காமர்ஸ். கேமராவைப் பிரிக்கத் தெரியாது. ஆனால் ஒரு ப்ராஜெக்டை எடுப்பதா விடுவதா என்று பார்க்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள். முதலில் தொழில்நுட்பரீதியாக முடியுமா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் கட்டுப்படியாகுமா என்று பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு கேள்விகள். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: முடியுமா?

முடியும். செய்தும் இருக்கிறார்கள். சொல்லப்போனால் டிஜிட்டல் கேமராவே அப்படித்தான் பிறந்தது. 1975ல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் என்ஜினியர் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் இருந்தது, சூப்பர் 8 மூவி கேமராவின் லென்ஸ். படம் 100க்கு 100 புள்ளிகள், அதாவது 0.01 மெகாபிக்சல். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி பிடித்தது. எடை மூன்றரை கிலோவுக்கு மேல். 1991ல் அதே கோடாக், நிகான் எஃப்3 என்ற ஃபிலிம் கேமராவின் உடம்பில் 1.3 மெகாபிக்சல் சென்சாரை மாட்டி விற்பனைக்கே கொண்டுவந்தது. படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தனியாகத் தோளில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். விலை இருபதாயிரம் டாலர் அளவில். பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் கட்டுப்படியான சமாச்சாரம்.

அதற்கப்புறம் வந்ததுதான் என் சித்தப்பா கனவு கண்ட சாதனம். 1998ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி அறிவித்தது. பின்னால் அதற்கு சிலிக்கான் ஃபிலிம் என்று பெயர். பார்க்க ஃபிலிம் ரோல் மாதிரியே இருக்கும். உருளையில் பேட்டரியும் மெமரியும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கில் சென்சார். ரோல் போடுவது போலப் போட்டு மூடினால் முடிந்தது வேலை! 1.3 மெகாபிக்சல், 24 படங்கள். கண்காட்சிகளில் காட்டினார்கள், பத்திரிகைகள் எழுதித் தள்ளின. கடைக்கு மட்டும் வரவில்லை. 2001ல் கம்பெனி கடையைக் கட்டியது.

ஏன் வரவில்லை? இங்கேதான் அந்தச் சின்னச் செவ்வகத்தின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் 36க்கு 24 மி.மீ. ஃபிலிமின் தடிமன் மி.மீ.யில் ஏழில் ஒரு பங்கு கூட இல்லை. பின்னால் ஒரு தகடு அதை அழுத்திப் பிடித்திருக்கிறது, முன்னால் சில மி.மீ. தூரத்தில் ஷட்டர் திரை ஓடுகிறது. இந்த இடுக்கில் சென்சாரை நுழைக்க வேண்டும். சென்சார் என்பது வெறும் சில்லு இல்லை. அதன் மேல் கண்ணாடி, சுற்றிலும் விளிம்பு, பின்னால் சர்க்யூட் போர்டு. 36க்கு 24 படம் தரும் சென்சாரின் மொத்த உருவம் அதைவிடப் பெரியது, அதனால் அந்த ஜன்னலுக்குள் அது நுழையாது. பின்னால் தள்ளி வைத்தால் ஃபோகஸ் போய்விடும். ஆகவே சின்ன சென்சார்தான் வைக்க முடியும். சின்ன சென்சார் வைத்தால் லென்ஸ் தரும் படத்தின் நடுப்பகுதி மட்டும்தான் கிடைக்கும்.

இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2020ல் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்கு 12 மெகாபிக்சல் கேமரா ஒன்று வந்தது. அதைப் பழைய கேமராக்களுக்குள் பொருத்திப் பார்க்கும் ஆர்வலர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதன் சென்சாருக்கு மூலைவிட்டம் 7.9 மி.மீ. ஃபிலிம் படத்துக்கு 43.3 மி.மீ. வகுத்தால் ஐந்தரை வருகிறது. அதாவது 50 மி.மீ. சாதாரண லென்ஸ், 275 மி.மீ. டெலி லென்ஸ் மாதிரி நடந்துகொள்ளும். கல்யாண மேடையை எடுக்க நின்றால் மாப்பிள்ளையின் மூக்கு மட்டும் கிடைக்கும் :-)

இன்னொரு சிக்கலும் உண்டு. ஷட்டர் எப்போது திறந்தது என்று ஃபிலிமுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சம் பட்டால் பதிந்துகொள்ளும். சென்சார் அப்படி இல்லை. முன்கூட்டியே விழித்திருக்க வேண்டும், திறக்கும் நேரம் தெரிய வேண்டும். பழைய மெக்கானிக்கல் கேமராவில் வெளியே வரும் ஒரே மின் சமிக்ஞை ஃப்ளாஷுக்கானது மட்டும்தான்.

ஆனாலும் சிலர் ஜெயித்திருக்கிறார்கள். 2005ல் லைக்கா கம்பெனி தன்னுடைய ஆர்8, ஆர்9 ஃபிலிம் கேமராக்களுக்கு 10 மெகாபிக்சல் டிஜிட்டல் முதுகு ஒன்றை விற்றது. பின் கதவைக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டும். இரண்டு வருடம்தான் ஓடியது. ஹாசல்பிளாட் கம்பெனியின் கதை இன்னும் நல்ல கதை. அதன் பழைய வி வரிசைக் கேமராக்களுக்கு இன்றும் டிஜிட்டல் முதுகு கிடைக்கிறது. 1957ல் வந்த மாடலில் கூட 2024ல் வந்த 100 மெகாபிக்சல் முதுகை மாட்டலாம். காரணம், அந்தக் கேமராவில் ஆரம்பத்திலிருந்தே ஃபிலிம் பெட்டி தனியாகக் கழன்று வரும். டிஜிட்டலை யாரும் கனவிலும் நினைக்காத காலத்தில், வேறு வசதிக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆக, ஒரு கேமராவை மாற்ற முடியுமா என்பதை இன்றைய மெக்கானிக் தீர்மானிப்பதில்லை. அதை முதன்முதலில் வடிவமைத்தவரே தீர்மானித்துவிட்டார்.

மற்ற கேமராக்களுக்கு வழி தேடியவர்களில் குறிப்பிட வேண்டியது 'ஐ'ம் பேக்' என்ற பெயரில் வந்த சாதனங்கள். 2017-18 வாக்கில், மக்களிடம் முன்பணம் திரட்டித் தொடங்கினார்கள். முதலில் ஃபிலிம் இருக்கும் இடத்தில் ஒரு மங்கலான திரையை வைத்து, அதில் விழும் படத்தை உள்ளே இருக்கும் குட்டிக் கேமரா படம் பிடிப்பது போலச் செய்தார்கள். தியேட்டர் திரையைச் செல்போனில் எடுப்பது போல! 2023ல் ரோல் வடிவத்தில் 20 மெகாபிக்சல் சென்சாரோடு வேறொன்றை அறிவித்தார்கள். அதில் 50 மி.மீ. லென்ஸ் 100 மி.மீ. ஆகிறது. 1998ன் கனவு, கால் நூற்றாண்டு கழித்து, பாதிப் படத்தோடு நிறைவேறியது.

இரண்டாவது கேள்வி: கட்டுப்படியாகுமா?

சித்தப்பாவின் மூன்று கேமராக்களையும் லெட்ஜரில் ஏற்றிப் பார்த்தேன்.

ஆக்ஃபா கிளிக் த்ரீ: 120 ரோலில் 12 சதுரப் படங்கள். ஒரு காலத்தில் நம் ஊர் நடுத்தரக் குடும்பங்களின் முதல் கேமரா இதுதான். நெகட்டிவ் சுமார் 56க்கு 56 மி.மீ. அந்த அளவு சென்சார் சாதாரண மனிதர்கள் வாங்கும் சந்தையில் இல்லை. லென்ஸோ மிக எளிமையானது. இதில் எதைப் போட்டாலும் போட்ட காசு திரும்பாது.

யாஷிகா மேட்: அதே 56க்கு 56. லென்ஸ் அருமை, ஆனால் கழற்ற முடியாது, முதுகும் தனியாக வராது. தொழில்முறை டிஜிட்டல் முதுகுகளிலேயே பெரிய சென்சார் 54க்கு 40 மி.மீ. அளவுதான், விலையோ பல லட்சம்.

பென்டாக்ஸ் கே1000: 1976 முதல் 1997 வரை தயாரான எஃகு மாதிரிக் கேமரா. இதில் மட்டும்தான் மாற்றும் சாதனங்களைப் பொருத்த ஓரளவு வாய்ப்பு. ஆனால் அந்தச் செலவுக்கு நல்ல பழைய டிஜிட்டல் கேமராவே வாங்கிவிடலாம், படமும் முழுதாகக் கிடைக்கும். 'செய்வதா வாங்குவதா' என்று காஸ்ட் அக்கவுன்டிங்கில் வரும் கணக்கில் இதைவிடச் சுலபமான விடை வராது. அதோடு, ஃபிலிமில் எடுக்கும் ஆசை இப்போது இளைஞர்களிடம் திரும்பி வந்திருக்கிறது. ஓடுகிற நிலையில் உள்ள கே1000க்கு வாங்க ஆள் உண்டு. அறுத்து ஒட்டிய கே1000க்கு இல்லை.

"அன்னிக்கு அவ்வளவு பணம் குடுத்து வாங்கினேனே" என்றார் சித்தப்பா. அதை மூழ்கிய செலவு என்பார்கள். இன்றைய முடிவில் அதற்கு இடம் கிடையாது. புத்தகத்தில் எழுதுவது சுலபம். கேமராவைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் சொல்வது சுலபமில்லை.

லென்ஸ் மட்டும் தப்பித்தது

உடம்பு தோற்றாலும் லென்ஸ் தோற்கவில்லை. கே1000ல் லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து ஃபிலிம் வரை உள்ள தூரம் 45.46 மி.மீ. நடுவில் கண்ணாடி தூக்கி இறங்க இடம் வேண்டும் என்பதால் அவ்வளவு தூரம். இப்போதைய கண்ணாடி இல்லாத கேமராக்களில் இந்தத் தூரம் குறைவு. சோனியில் 18 மி.மீ.தான். மிச்சம் 27.46 மி.மீ.க்கு ஒரு வெற்று உலோக வளையம் செய்தால் போதும். உள்ளே கண்ணாடியோ சர்க்யூட்டோ எதுவும் தேவையில்லை. ஆயிரம் ரூபாயை ஒட்டி ஒரு வளையம் வாங்கி, நண்பனின் சோனி கேமராவில் சித்தப்பாவின் 50 மி.மீ. லென்ஸை மாட்டினோம். ஃபோகஸ் கையால் திருப்ப வேண்டும், அப்பர்ச்சரும் கையால்தான். சித்தப்பாவுக்கு அது பழக்கமான வேலை. என்னைவிட வேகமாகத் திருப்பினார்.

ஒரு கொசுறுத் தகவல், நம்ம தோல் ஊர்க்காரர்களுக்காக. கேமராவோடு வரும் அந்த அழகான கெட்டித் தோல் உறை இருக்கிறதே, அதில் கேமராவை வருடக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதில் பூஞ்சை வளரும், அங்கிருந்து லென்ஸுக்குள் போகும். சித்தப்பாவின் யாஷிகா லென்ஸில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை. தனியாக அலமாரியில் கிடந்த கே1000 லென்ஸ் பளிச்சென்று இருந்தது.

பரண் மேல் இருந்த சொத்து

இந்த ஆராய்ச்சியெல்லாம் முடிந்து பெட்டிகளை இறக்கியபோதுதான் எங்கள் கேள்வியே இடம் மாறியது.

பழைய ஃபிலிம் டப்பாக்களில் 'இந்து' என்ற பெயர் இருந்தது. ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஃபிலிம். 1960ல் தொடங்கி 1967ல் உற்பத்திக்கு வந்தது. குளிர்ச்சி, தூசி இல்லாத காற்று, நல்ல தண்ணீர் என்று ஃபிலிம் தயாரிப்புக்கு வேண்டியதெல்லாம் இருந்ததால் ஊட்டி. 1990களிலேயே நலிந்து, கடைசியில் மூடப்பட்டது. கோடாக்கே 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதே தொழிலில் இருந்த ஃப்யூஜி மட்டும் தன் கொலாஜன் அறிவை எடுத்துக்கொண்டு 2007ல் முக க்ரீம் விற்கப் போய்ப் பிழைத்துக்கொண்டது.

கொலாஜன் எங்கே இங்கே வந்தது என்கிறீர்களா? ஃபிலிமின் மேல் வெள்ளி உப்பைப் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. நம் டேனரிகளில் பதனிடும் தோலும் அதே கொலாஜன்தான். தோலைப் பதனிடக் குரோம் உப்பு போடுகிறார்கள். வெயில் ஊர்களில் ஃபிலிம் கழுவும்போது ஜெலட்டின் இளகாமல் இருக்கக் குரோம் ஆலம் போடுவார்கள். ஆக, ஃபிலிமும் தோலும் ஒருவகையில் பங்காளிகள்!

பங்காளிக்கு வரும் வியாதி இதற்கும் வரும். பச்சைத் தோலை உப்பு போட்டு வைத்தால் கொஞ்ச நாள் தாங்கும். அதற்குள் பதனிடாவிட்டால் அழுகிவிடும். இது ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நெகட்டிவ் அந்த உப்பு போட்ட தோல் மாதிரி. ஈரத்தில் ஜெலட்டினைப் பூஞ்சை தின்னும். அடியில் இருக்கும் அசிடேட் பிளாஸ்டிக்கோ வெயிலிலும் ஈரத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அது வெளிவர வெளிவர சிதைவு இன்னும் வேகமாகும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். கடைசியில் ஃபிலிம் சுருங்கி நெளிந்து, மேல் படலம் தனியாக உரிந்துவிடும். வேலூரை வெயிலூர் என்று கிண்டல் செய்யும் ஜில்லாவில், ஓட்டு வீட்டுப் பரணில், முப்பது கத்திரி வெயிலைப் பார்த்த நெகட்டிவ்கள் இவை. இரண்டு பெட்டிகளைத் திறந்ததும் வினிகர் வாசம் மூக்கில் ஏறியது.

அந்தப் பெட்டிகளில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் கலைப் படங்கள் இல்லை. ஷூ கம்பெனிகளிலும் டேனரிகளிலும் வேலைக்குச் சேர்ந்தவர்களின் அடையாள அட்டைப் படங்கள். இ.எஸ்.ஐ. அட்டைக்காக மனைவி குழந்தைகளோடு விறைப்பாக நின்ற குடும்பப் படங்கள். எத்தனையோ வீடுகளில் குடும்பம் மொத்தமும் சேர்ந்து நின்ற ஒரே படம் அதுவாகத்தான் இருக்கும்.

போன வருடம் ஒருவர் வந்தார். "அண்ணே, எங்கப்பா படம் ஏதாவது இருக்குமா? டேனரில இருந்தப்போ உங்க கடையிலதான் எடுத்தாங்களாம். வருஷ திதி வருது, ஃப்ரேம் போடணும்." வீட்டில் இருந்த பிரிண்ட் மழைத் தண்ணீரில் போய்விட்டதாம். சித்தப்பா பழைய பில் புத்தகத்தைப் புரட்டி 1994ன் கவரைக் கண்டுபிடித்தார். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். கேட்டு வந்தவர் அதில் அம்மா இடுப்பில் இருக்கிறார். நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறுப்பு வெள்ளை மாறித் தெரிந்தும் "இது அப்பாதான்" என்றார்.

டிஜிட்டல் ஆக்க வேண்டியது கேமராவை அல்ல, இதைத்தான். இதில் தொழில்நுட்பக் கேள்வியும் இல்லை, பெரிய செலவும் இல்லை.

நாங்கள் செய்வது

படம் வரையும் பிள்ளைகள் பயன்படுத்தும் எல்.இ.டி. வெளிச்சப் பலகை ஒன்று கீழே. அதன் மேல் நெகட்டிவ், சமமாகப் படுக்க ஒரு அட்டைச் சட்டம். மேலே ஸ்டாண்டில் நண்பனின் 24 மெகாபிக்சல் கேமரா, அதில் சித்தப்பாவின் அதே 50 மி.மீ. லென்ஸ். பக்கத்தில் ஃபோகஸ் ஆவதற்கு இடையில் வெற்றுக் குழாய் வளையங்கள். 36 மி.மீ. அகலத்தை அந்தக் கேமராவின் 23.5 மி.மீ. சென்சாரில் நிரப்ப 0.65 மடங்கு வேண்டும். 50ஐ 0.65ஆல் பெருக்கினால் 32 மி.மீ. சொச்சம் நீளத்துக்கு வளையம். சதுர நெகட்டிவுக்கு 14 மி.மீ. போதும். அப்பர்ச்சர் 8ல் வைத்து, டைமரில் எடுத்து, கம்ப்யூட்டரில் தலைகீழாக மாற்றினால் படம் தயார். கலர் நெகட்டிவில் மட்டும் அந்த ஆரஞ்சு நிறத்தைக் கழிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். தூசியை ஊதுகுழலால் ஊதுகிறோம், துணியால் தேய்ப்பதில்லை.

பணக் கணக்கு முடிந்தது, இனி நேரக் கணக்கு. எண்ணிப் பார்த்ததில் ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். சுத்தம் செய்வதையும் சேர்த்து ஒரு நெகட்டிவுக்கு மூன்று நிமிடம். மணிக்கு இருபது. மொத்தம் 300 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு மணி நேரம் என்றால் 150 ஞாயிறு, கிட்டத்தட்ட மூன்று வருடம். வினிகர் பெட்டி அதுவரை காத்திருக்காது.

எனவே சரக்கு இருப்புக்குச் சொல்லித் தந்த ஏ.பி.சி. பகுப்பை இதில் போட்டோம். வேறெங்கும் பிரதி இருக்க வாய்ப்பில்லாத குடும்பப் படங்களும் வயதானவர்கள் படங்களும் ஏ. ஆல்பம் வீட்டில் இருக்கக்கூடிய கல்யாணப் படங்கள் பி. ஒரே ஆளின் பாஸ்போர்ட் சைஸ் திரும்பத் திரும்ப இருப்பது சி. வினிகர் வாசம் வந்த இரண்டு பெட்டிகளையும் வேறு அறையில் வைத்து, அவற்றிலுள்ள ஏ படங்களை முதலில் எடுக்கிறோம். இதுவரை நானூற்றுச் சொச்சம் ஆகியிருக்கிறது. சில கவர்களில் ஒட்டிப்போன நெகட்டிவ்களைப் பிரிக்க முடியவில்லை. அவற்றின் பில் நம்பரையும் பெயரையும் மட்டும் எழுதி வைக்கிறோம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கேமராவும் ஒரு கவர் நெகட்டிவும் இருக்கலாம். கேமரா உலோகம், இன்னும் ஐம்பது வருடம் அப்படியே இருக்கும். கவரை இந்த வாரமே இறக்கித் திறந்து, முதலில் மோந்து பாருங்கள். வாசம் வந்தால் தனியாக எடுத்து வையுங்கள். வராவிட்டால் அடுத்த கோடைக்குள் படமாக்கிவிடுங்கள்.